பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் மாணவர்களா?

கேள்வி: இணையவழிக் கல்வித் தளங்களில் இன்று கோடிக்கணக்கான மாணவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சந்தை இன்னும் எவ்வளவு வளரும்? இப்போது ஒரு தளம் தொடங்கினால் லாபம் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகர்

பதில்: லாபத்துக்கு அப்புறம் வருவோம். 'கோடிக்கணக்கான மாணவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அந்தத் தலைகளை எண்ணிவிடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் 2012 முதல் 2018 வரை நடத்திய படிப்புகளின் கணக்கை அலசி, 2019இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பெயர் பதிந்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடத்துக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. 2017-18இல் கடைசிவரை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர், சொச்சம்.

இந்தக் கணக்கு எங்கள் இதழின் விளம்பர மேலாளரின் காதில் விழக்கூடாது. அவருக்கும் எனக்கும் பழைய தகராறு. ஒரு பிரதியை வாங்குபவர் ஒருவர், படிப்பவர்கள் ஐந்து பேர் என்று விளம்பரதாரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீதி நாலு பேர் எங்கே, ஒரு கடிதமாவது போட்டார்களா என்று நான் கேட்பேன். பேச்சு அத்தோடு நின்றுவிடும். தளங்கள் தலையெண்ணும் முறை தெரிந்தால் மனிதர் ஐந்தோடு நிற்கமாட்டார். உறையைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டவரும் வாசகர். பேருந்தில் பக்கத்து இருக்கையிலிருந்து அட்டைப்படத்தைப் பார்த்தவரும் வாசகர். இதழைச் சுருட்டிக் கொசு அடித்தவர் தீவிர வாசகர், ஒரே இரவில் பலமுறை பயன்படுத்தியிருக்கிறார் அல்லவா? ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்தவரைச் சொல்லவே வேண்டாம், வருஷக்கணக்கில் இடைவிடாத ஈடுபாடு. பழைய பேப்பர்காரர் எங்களுடைய மிகப் பெரிய நிறுவன வாடிக்கையாளர்.

சரி, சந்தை. 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் தலை சுற்றியது. ஐம்பது ஆண்டுகளில் உலகத்தில் பத்தே பத்து உயர்கல்வி நிறுவனங்கள்தான் மிஞ்சும் என்று 2012இல் த்ரன் சொன்னார். அடுத்த ஆண்டே, தான் நடத்திய யுடாசிட்டி தளத்தைப் பற்றி, எங்கள் சரக்கு மட்டமானது என்று அவரே ஒத்துக்கொண்டார். இந்தத் துறையில் நான் மதிக்கிற ஒரே வாக்குமூலம் அது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். எட்எக்ஸை 2021இல் 80 கோடி டாலருக்கு வாங்கிய 2யூ நிறுவனம் 2024 ஜூலையில் திவால் மனுவோடு நீதிமன்றம் போனது. 2021இல் 33 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த இன்னொரு தளமான கோர்செரா, 2024இல் பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. சீனா 2021இல் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக்கூடாது என்று ஓர் உத்தரவு போட்டது. பெரிய பெரிய கம்பெனிகள் கவிழ்ந்தன. வீட்டுப்பாட உதவி விற்றுவந்த செக் என்ற நிறுவனம், சாட்ஜிபிடியால் புது வாடிக்கையாளர் வரத்து பாதிக்கப்படுகிறது என்று 2023 மேயில் வாய்விட்டுச் சொன்னது. அடுத்த நாளே பங்கு விலையில் கிட்டத்தட்ட பாதி காலி.

ஆள் வராததால் வந்த வினை அல்ல இது. ஆள் கொட்டுகிறது. ஆனால் தளம் விற்பது விரிவுரையை. விரிவுரையோ எம்.ஐ.டி. 2002 முதல் இலவசமாகக் கொடுக்கிற பொருள். யூடியூபில் இறைந்து கிடக்கிறது. பாதியில் விட்டவர் அடுத்த படிப்புக்குத் திரும்பி வருவதில்லை. எனவே மறுபடி மறுபடி புது ஆள் பிடிக்க வேண்டும், அதற்கு விளம்பரம், அதற்குப் பணம். காசு கொடுக்கிறவர்களின் கதை வேறு. நான் சொன்ன அதே ஆய்வில், சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் முடித்திருக்கிறார்கள். யூடெமி என்ற தளத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. மேலதிகாரி படி என்கிறார், ஊழியர் படிக்கிறார். அறிவுத் தாகம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். கல்லாவை நிரப்புவது பதவி உயர்வு.

இனி நன்னூல். நான் நன்னூலை இழுக்கும்போதெல்லாம் 'மறுபடியுமா?' என்று கார்டு போடும் அன்பருக்கு: ஆமாம், மறுபடியும்தான். ஆசிரியர் சொன்னதை முழுக்க வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும் என்கிறார் பவணந்தி. உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்சம் அரை. நம் தளங்கள் அந்த முதல் கால் பங்கை மட்டும் நாலு கேமரா வைத்துப் படமெடுத்து முழு விலைக்கு விற்கின்றன.

ஐசக் பிட்மன் இதைவிட விவரமானவர். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்றானதும், பாத் நகரிலிருந்து சுருக்கெழுத்தைத் தபாலில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பாடம் அனுப்பியதோடு விடவில்லை. மாணவர்கள் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள், திருத்தித் திருப்பி அனுப்புவார். அங்கே ஒருவர் நம் நோட்டுக்காகக் காத்திருக்கிறார் என்ற கூச்சம் இருக்கிறதே, அதுதான் பாதிப் பேரைப் பாடத்தில் உட்கார வைக்கும். இயந்திரமே திருத்தும் என்பீர்கள். திருத்தட்டும், நன்றாகவே திருத்துகிறது. ஆனால் நீங்கள் எழுதி அனுப்பாவிட்டால் அது வருத்தப்படுவதில்லையே.

ஆகவே தொடங்குவதானால் திருத்த ஆள் வையுங்கள், சம்பளம் கொடுங்கள். லாபம் வரும், மெதுவாக, சின்னதாக. கோடிக்கணக்கு என்ற சொல்லை முதலீட்டாளரிடம் காட்ட முடியாது.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் ஏறக்குறைய தானாகவேதான் சுருக்கெழுத்து கற்று நாடாளுமன்ற நிருபர் ஆனார் என்று ஒருவர் எழுதக்கூடும். ஆனார்தான். அது கர்னி முறை, பிட்மனைவிடக் கடினம். ஆனால் டிக்கன்ஸ் எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் முடித்திருப்பார். அந்த நூற்றுக்கு மூன்றில் அவர் ஒருவர். தளங்களின் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பதும் எப்போதும் அவர்தான்.

கடைசியாக, சுருக்கெழுத்து என்று நான் எழுதினாலே சுருக்கெழுத்திலேயே கடிதம் எழுதும் வாசகர்கள் கவனிக்கவும். பிட்மன் என்றால் அனுப்புங்கள். கிரெக் முறை எனக்கு வாசிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.