இயற்கையின் மடியில் தங்கி வரைய இடமுண்டா?

கேள்வி: தக்கலையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், நீர்வண்ண ஓவியம் வரைகிறேன். இயற்கைச் சூழலில் தங்கிப் படைக்க இடம் தரும் 'ரெசிடென்சி' திட்டங்கள் என் போன்றோருக்கும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், சகோதரி. பட்டமோ புகழோ அல்ல, உங்கள் ஓவியங்களின் மாதிரிகளும், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்ற தெளிவான குறிப்புமே பெரும்பாலும் தேர்வை முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1907-இல் மரங்களுக்கு நடுவே தொடங்கப்பட்ட மெக்டவல் கலைஞர் குடியிருப்பில், கலைஞரின் கவனம் கலையாதிருக்க, மதிய உணவைக் கூடையில் வைத்துக் குடிலின் வாசலிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. அடுப்படிப் பொறுப்பு தோளிலிருந்து இறங்கும் அந்தச் சில வாரங்களே இத்திட்டங்களின் உயிர் என்பேன். சில இடங்கள் கட்டணம் வாங்குவதால், உணவு, தங்குமிடம், பயணச் செலவு ஆகியவற்றில் எதை யார் ஏற்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை, கோடை விடுமுறையில் பேச்சிப்பாறை பக்கம் வாடகைக்கு ஓர் அறை பார்த்து ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது காற்றின் ஈரத்தைத் தாள் குடித்துவிடும். ஒரு பூச்சு உலர்வதற்கே நெடுநேரமாகும். ரப்பர் தோட்டத்து நிழலில் ஒரு பச்சையின் மேல் அடுத்த பச்சையை வைக்கக் காத்திருக்கும் அந்தப் பொழுதை வீட்டில் யாரும் உங்களுக்கு விட்டுவைக்க மாட்டார்கள். அந்த அறை விட்டுவைக்கும்.