துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே

கேள்வி: எனக்கு வயது 54. மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம், என் இதயத் துடிப்பு மாறுபாடு 28 மில்லி விநாடி என்று காட்டுகிறது. இது மாரடைப்பின் அறிகுறியா, டாக்டர்?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். நாடி நிமிடத்துக்கு 60 என்றாலும் ஒவ்வொரு துடிப்பும் சரியாக ஒரு விநாடி இடைவெளியில் வருவதில்லை. அந்த இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதே இதயத் துடிப்பு மாறுபாடு. மூச்சை இழுக்கும்போது இடைவெளி குறைந்து, விடும்போது கூடுகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நிதானமாக மூச்சு விட்டால் பலரால் இதை உணர முடியும். மூளையிலிருந்து வந்து இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு இதயத்தைச் செவ்வனே கட்டுப்படுத்துவதன் அடையாளம் அது.

மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரின் 24 மணி நேர ஈ.சி.ஜி. பதிவுகளை ஆராய்ந்து 1987-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மாறுபாடு 50 மில்லி விநாடிக்குக் குறைவாக இருந்தவர்களின் இறப்பு அபாயம், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்காக இருந்தது. ஆனால் அது முழுநாள் அளவு. கடிகாரங்கள் பெரும்பாலும் குறுகிய நேரத்தை, வேறு கணக்கு முறையிலும் அளப்பதால், இரண்டையும் ஒப்பிடுவது தவறு. மேலும் வயது, தூக்கக் குறைவு, மது, காய்ச்சல் ஆகியவையும் மாறுபாட்டைக் குறைக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை இந்த மாதமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், கடிகாரம் என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.