துருவக் கடலில் கப்பல் சிக்கினால் யார் வருவார்? – கேள்வி பதில்

கேள்வி: ஆர்க்டிக் கடலோரக் காவல்படை மன்றம் என்று ஓர் அமைப்பு இருக்கிறதாமே. ஆபத்து நேர்ந்தால் மீட்புக் கப்பலை அனுப்புவது அதன் பொறுப்பா?

பதில்: இல்லை. 2015 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ லண்டன் நகரில் எட்டு ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்து தொடங்கிய அந்த மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு படகுகூடக் கிடையாது. எந்த நாட்டுக் கப்பலுக்கும் ஆணையிடும் அதிகாரமும் கிடையாது. இந்தப் பணியைச் செய்யும் அமைப்பே நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பின்லாந்தில் அது எல்லைக் காவல்படையிடம் இருக்கிறது. டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்தின் கடலில் டென்மார்க் கடற்படையிடம் இருக்கிறது. நார்வேயில் கடலோரக் காவல்படையே கடற்படையின் ஒரு பிரிவு. ஆகவே யாரிடம் என்ன கப்பல் உண்டு, நள்ளிரவில் யாரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் 2017இல் ஐஸ்லாந்திலும் 2019இல் பின்லாந்திலும் நடந்தவை போன்ற கூட்டுப் பயிற்சிகளில் முன்கூட்டியே பழகி வைப்பதுதான் மன்றத்தின் உண்மையான பயன் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் சட்டப்படி யாருக்குப் பொறுப்பு?

பதில்: அதற்கு 2011 மே மாதம் கிரீன்லாந்தின் நூக் நகரில் கையெழுத்தான தேடல், மீட்பு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். அந்த எட்டு நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் முயற்சியில் உருவாகி, எட்டு நாடுகளையும் கட்டுப்படுத்தும் முதல் ஒப்பந்தம் அதுவே. எந்தப் பரப்பில் மீட்புப் பணியை எந்த நாடு ஒருங்கிணைக்க வேண்டும் என்று அது வரைபடத்தில் கோடு கிழித்துக் கொடுத்தது. அந்தக் கோடுகள் நாட்டு எல்லைகளைப் பாதிக்கா என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடல் எல்லைத் தகராறு உள்ளவர்களும் தயங்காமல் கையெழுத்திட முடிந்ததற்கு இந்த ஒரு வரி பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தம் இருந்தும் 2023இல் கிரீன்லாந்தில் ஒரு பயணிகள் கப்பல் நாள்கணக்கில் தரைதட்டி நின்றதே, ஏன்?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ‘ஓஷன் எக்ஸ்புளோரர்’ கப்பலை. அது செப்டம்பர் 11ஆம் நாள், 206 பேருடன், வடகிழக்குக் கிரீன்லாந்தின் ஆல்பெஃபியோர்டில் தரைதட்டியது. உதவிக்குப் புறப்பட்ட டென்மார்க்கின் ரோந்துக் கப்பல் அப்போது ஏறத்தாழ 1,200 கடல் மைல் தொலைவில் இருந்தது. அது வந்து சேர்வதற்கு முன்பே, 14ஆம் நாள், ‘தராயோக்’ என்னும் மீன்வள ஆய்வுக் கப்பல் கடலேற்றத்தின்போது அதை இழுத்து விடுவித்துவிட்டது. ஒப்பந்தம் தூரத்தைக் குறைப்பதில்லை. துருவக் கடலில் காப்பாற்றுவது பெரும்பாலும் அருகில் இருக்கும் கப்பல்தான், அது யாருடையதாக இருந்தாலும். எனவே சுற்றுலாக் கப்பல்கள் ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் இணையாகப் பயணம் செய்ய வேண்டும் என்ற யோசனையை நான் ஆதரிக்கிறேன்.

கேள்வி: உதவி வரும்வரை உயிர்காப்புப் படகில் தாக்குப்பிடிக்க முடியாதா?

பதில்: 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பின் துருவ விதித்தொகுப்பு, மீட்புக்கு ஆகக்கூடிய காலத்தை ஐந்து நாளுக்குக் குறைவாகக் கணக்கிடக் கூடாது என்கிறது, உயிர்காப்புச் சாதனங்கள் அதுவரை ஆளைக் காக்க வேண்டும். நார்வே கடலோரக் காவல்படையும் ஆய்வாளர்களும் 2016இல் நார்வேக்குச் சொந்தமான ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் வடபகுதியில் இதைச் சோதித்தார்கள். நல்ல உடல்நலம் உள்ளவர்களை வழக்கமான படகிலும் காற்றடைத்த மிதவையிலும் அமர்த்தியபோது, அமைதியான கடலிலேயே, 24 மணி நேரத்துக்குள் பலர் குளிர் தாங்காமல் வெளியேற நேர்ந்தது. மிதவையின் அடித்தளம் வழியாக ஏறும் குளிர், ஈரமான உடை, நெருக்கி உட்கார்ந்து மரத்துப்போகும் கால்கள் எனச் சிறு தொல்லைகளே அங்கு உயிரைக் குடிப்பவை. பயணிகளில் முதியவர்கள் அதிகம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவுடனான ஒத்துழைப்பு முற்றிலும் நின்றுவிட்டதா?

பதில்: 2022 மார்ச்சில் மற்ற ஏழு நாடுகளும், அப்போது ரஷ்யா தலைமை வகித்த ஆர்க்டிக் கவுன்சிலில் பங்கேற்பதை நிறுத்தி வைத்தன. ஆனால் நூக் ஒப்பந்தம் செல்லுபடியாகவே இருக்கிறது. நார்வேயின் போடோ மீட்பு மையத்துக்கும் ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் மையத்துக்கும் இடையிலான தொடர்பும் அறுபடவில்லை. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே உள்ள பேரிங் நீரிணையில் அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து முன்மொழிந்து 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கப்பல் வழித்தடங்களும் அப்படியே உள்ளன. பனிப்போர்க் காலத்தையே பாருங்கள்: 1989 ஜூனில் ‘மக்சிம் கோர்க்கி’ என்ற சோவியத் பயணிகள் கப்பல் ஸ்வால்பார்டுக்கு மேற்கே பனியில் மோதியபோது, நேட்டோ உறுப்பினரான நார்வேயின் கடலோரக் காவல்படைக் கப்பல் ‘சென்யா’ சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 950 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. துருவப் பயணத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டுமா?

பதில்: பனி மிதக்கும் துருவ நீரில் காவல்முறை பார்க்கும் (முறைவைத்துக் கப்பலோட்டத்தைக் கவனிக்கும்) அதிகாரிக்கு 2018 ஜூலை 1 முதல் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் தேவை. கேப்டனும் முதன்மை அதிகாரியும் மேல்நிலைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.