துருக்கியும் பேரணாம்பட்டும்

அன்புள்ள ஐயா,

துருக்கி பூகம்பக் காட்சிகளைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. ராத்திரி படுத்தவர்கள் விடிவதற்குள் இல்லை. நான் பேரணாம்பட்டில் லோன் போட்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், பில்லருக்குக் கம்பி கட்டி நிற்கிறது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் போய்விடும் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? எதுதான் நிலை?

ம., பேரணாம்பட்டு

அன்புள்ள ம.,

நிலையாமையைப் பற்றிப் பேச நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, எழவு வீட்டில் போய் உட்கார்ந்தால் டீ வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிப்பதில்லை. எல்லாம் விதி என்று முடித்துவிட்டால் கட்டடம் கட்டியவன் தப்பித்துக்கொள்கிறான்.

2023 பிப்ரவரி 6, விடிகாலை 4.17க்கு வந்தது 7.8 அளவு. ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 அளவில் இன்னொன்று. துருக்கியிலும் சிரியாவிலுமாக 50,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பெரிய ஆட்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே தெருவில் ஒரு கட்டடம் நிற்க, பக்கத்துக் கட்டடம் தோசை அடுக்கியது போல மாடிமேல் மாடியாகப் படுத்துக் கிடந்ததே, அதற்குப் பூமியை மட்டும் எப்படித் திட்டுவது? 1999இல் இஸ்மித் நகரத்துப் பக்கம் வந்த பூகம்பத்தில் 17,000 பேரைப் பறிகொடுத்துவிட்டு, கட்டட விதிகளைக் கடுமையாக்கிய நாடு அது. அப்புறம் 2018இல், தேர்தல் நேரத்தில், அனுமதியில்லாத கட்டடங்களைப் பணம் கட்டினால் போதும் என்று வரன்முறைப்படுத்திக் கொடுத்தார்கள். (நமக்குத் தெரியாத வித்தையா இது?) கீழே கடைக்கு இடம் வேண்டுமென்று தூணையே வெட்டியதாகவும் புகார்கள் வந்தன.

நம் பக்கமும் ஆடியிருக்கிறது. 2021 நவம்பர் 29, அதுவும் விடிகாலை 4.17தான், வேலூருக்கு மேற்கே அறுபது கிலோமீட்டர் வாக்கில், 3.6 அளவு. அதில் யாரும் சாகவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால் உங்கள் ஊரிலேயே, பூமி அசையாமலே, மழையில் ஊறிய வீடு இடிந்து ஒன்பது பேர் செத்தார்கள், அதில் நான்கு பேர் குழந்தைகள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1903இல் பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதும் இங்கே பெய்த மழையால் மட்டும் அல்ல, மேலே மைசூர் சமஸ்தானத்தில் ஏரிகள் உடைந்ததால். இங்கே கரையோரம் படுத்திருந்தவனுக்கு அந்த ஏரிக்கரையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுகூடத் தெரிந்திருக்காது. நாம் நிலையாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வதெல்லாம் எங்கோ யாரோ ஒழுங்காக வேலை பார்க்கிற வரைக்கும்தான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கட்டுங்கள். காங்கிரீட் போடுவதற்கு முன் பில்லர் கம்பியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: நிற்கிற கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கின் இரண்டு முனையும் மூலைக் கம்பியைச் சுற்றி உள்பக்கமாக 135 டிகிரிக்கு மடங்கியிருக்க வேண்டும். பல இடங்களில் 90 டிகிரியோடு விட்டுவிடுவார்கள், ஆட்டம் வந்தால் அது விரிந்து திறந்துகொள்ளும். கொஞ்சம் கம்பி கூடப் பிடிக்கும், அவ்வளவுதான் செலவு. ‘இத்தனை வருஷமா இப்படித்தான் சார் கட்டுறோம்’ என்பார் மேஸ்திரி. சொல்லட்டும், அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள்.