வளர்ச்சி உளவியல் ஆய்வா? தேடுமுன் குழந்தையின் வயதைச் சொல்லுங்கள்

கேள்வி: உளவியல் முதுகலை படிக்கிறேன். பள்ளி சேரும் முன்பான குழந்தைகளின் சுயக்கட்டுப்பாடு பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். கூகுளில் தேடினால் பெற்றோருக்கான அறிவுரைகள்தான் வந்து குவிகின்றன. நூலகத்தில் புத்தகங்கள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. நல்ல கட்டுரை என்று திறந்தால் பணம் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்தப் "பள்ளி சேரும் முன்பான" என்பதை எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். 3 வயதா, 5 வயதா? உங்கள் தலைப்பில் இந்த இரண்டு வருடம் சின்ன விஷயம் இல்லை. படம் போட்ட அட்டைகளை முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்லிவிட்டு, நடுவில் விதியை மாற்றி வடிவப்படி பிரிக்கச் சொல்லும் ஒரு சோதனை உண்டு. பெரும்பாலான 3 வயதுக் குழந்தைகள் புதிய விதியை வாயால் சரியாகச் சொல்வார்கள்; கை மட்டும் பழையபடி நிறத்தின் பின்னாலேயே போகும். 5 வயதில் பெரும்பாலோர் மாறிவிடுவார்கள். ஆகவே வயதைத் தீர்மானிக்காமல் தேடினால், ஒன்றுக்கொன்று முரண்படுவது போன்ற முடிவுகள் கையில் சேரும். குழப்பம்தான் மிஞ்சும்.

இந்தத் துறைக்கான பெரிய தரவுத்தளம் அமெரிக்க உளவியல் சங்கத்தின் சைக்இன்ஃபோ. உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கம் வழியாக உள்நுழையுங்கள். சந்தாவை நூலகம் கட்டியிருக்கக்கூடும். கூகுளில் இல்லாத ஒரு வசதி அதில் இருக்கிறது. கட்டுரையில் ஆராயப்பட்டவர்களின் வயதைப் பார்த்துக் குறிச்சொல் போட்டிருப்பார்கள்: பிறந்த முதல் மாதம், 2 முதல் 23 மாதம், 2 முதல் 5 வயது, 6 முதல் 12 வயது என்று. உங்களுக்கு வேண்டியது 2 முதல் 5. அதைத் தேர்ந்தெடுத்தால் பெற்றோர் அறிவுரை, கல்லூரி மாணவர் ஆய்வு எல்லாம் ஒரே அடியில் விலகிவிடும். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்கான இலவசத் தேடுதளமான பப்மெட்டிலும் இதே 2 முதல் 5 வயதுப் பிரிவு உண்டு. ஆனால் புதிதாக வந்து இன்னும் குறிச்சொல் இடப்படாத கட்டுரைகள் இந்த வடிகட்டியில் விடுபட்டுப்போகும். அதனால் வடிகட்டி இல்லாமல், வயதைக் குறிக்கும் சொற்களையே தட்டச்சு செய்து இன்னொரு முறை தேடுங்கள்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். பலர் வழுக்குவது இங்கேதான். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருப்பது மாதிரி, சுயக்கட்டுப்பாட்டுக்கு ஒவ்வொரு ஆய்வு மரபிலும் ஒரு பெயர். குழந்தையின் இயல்புக் குணத்தை ஆராய்பவர்கள் 'எஃபர்ட்ஃபுல் கன்ட்ரோல்' என்பார்கள். உளவியலாளர் மேரி ராத்பார்ட்டின் வழி இது. மூளை, அறிதிறன் பக்கம் போனால் 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்', அதாவது எண்ணத்தையும் செயலையும் மேலாளும் திறன்; அதன் ஒரு பகுதியாக 'இன்ஹிபிட்டரி கன்ட்ரோல்', அதாவது உடனே தோன்றுவதைச் செய்யாமல் அடக்குவது. உளவியலாளர் வால்டர் மிஷெல் வழியில் வந்தவர்களுக்கு 'டிலே ஆஃப் கிராட்டிஃபிகேஷன்', பிறகு கிடைக்கும் பெரிய பலனுக்காகக் காத்திருப்பது. கல்வியியலில் 'செல்ஃப் ரெகுலேஷன்'. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தனித்தனியாக மேற்கோள்குறிக்குள் போட்டு, நடுவே 'ஆர்' (OR) சேர்த்து, மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அதன்பிறகு 'ஆண்ட்' (AND) போட்டு வயதுச் சொற்கள். இவை முழுக்க ஒரே பொருள் தருபவை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் ஆய்வு எதன் பக்கம் என்று வழிகாட்டி எப்படியும் கேட்பார், அதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது: கருத்தின் பெயரை விட்டுவிட்டு சோதனையின் பெயரைத் தேடுவது. மேலே சொன்ன அட்டைச் சோதனைக்கு 'டைமென்ஷனல் சேஞ்ச் கார்டு சார்ட்' என்று பெயர். சூரியன் படத்தைக் காட்டினால் "இரவு" என்றும் நிலாவைக் காட்டினால் "பகல்" என்றும் சொல்லச் சொல்வது 'டே நைட்' சோதனை. தலைப்பில் சுயக்கட்டுப்பாடு என்ற பேச்சே இல்லாத கட்டுரைகள் இப்படித்தான் அகப்படும். ஆய்வேட்டின் செய்முறை அத்தியாயத்துக்கும் அங்கேயே சரக்கு கிடைக்கும். அட்டைச் சோதனையை நடத்தும் முறையை பிலிப் டேவிட் ஜெலாஸோ 2006-ல் 'நேச்சர் புரோட்டோகால்ஸ்' இதழில் படிப்படியாக எழுதியிருக்கிறார்.

சரி, ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டது. அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது பின்னோக்கிய தேடல். முன்னோக்கியும் போக வேண்டும்: அந்தக் கட்டுரையைப் பிற்பாடு யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஆய்வுக்கட்டுரைகளுக்கான கூகுள் ஸ்காலரில் ஒரு சொடுக்கில் பார்க்கலாம். சிறுவயதில் இனிப்புக்காகக் காத்திருந்த குழந்தைகள் பதின்வயதில் படிப்பிலும் நன்றாக இருந்தார்கள் என்ற மிஷெல் குழுவின் 1990 கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். முன்னோக்கிப் போனால் 2018-ல் வாட்ஸ், டங்கன், குவான் மூவரும் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துச் செய்த ஆய்வு வரும். அந்தத் தொடர்பு அதில் சிறியதாகத்தான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் ஆரம்பகால அறிதிறனையும் கணக்கில் எடுத்ததும் பெருமளவு கரைந்தது. முதலாவதை மட்டும் எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர் சும்மா விடமாட்டார்.

புத்தகங்கள் சிதறிக் கிடப்பது யார் தவறும் இல்லை, வகைப்பாடு அப்படி. டியூயி முறையில் குழந்தை உளவியல் 155.4, குழந்தை வளர்ப்பு 649, மழலையர் கல்வி 372.21, குழந்தை மருத்துவம் 618.92. காங்கிரஸ் நூலக முறை என்றால் பி.எஃப். 721-க்குப் போங்கள். ஆனால் முதுகலைக்குப் புத்தகத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ரிச்சர்ட் லெர்னர் தலைமையில் 2015-ல் 7-ஆம் பதிப்பாக வந்த குழந்தை உளவியல் கையேட்டில் அறிதிறனுக்கு 2-ஆம் தொகுதி, உணர்வு, சமூக வளர்ச்சிக்கு 3-ஆம் தொகுதி. உங்களுக்கு இரண்டுமே வேண்டும்.

பணம் கேட்கும் கட்டுரைக்கு ஒருபோதும் கட்டாதீர்கள். 'அன்பேவால்' என்ற இலவச நீட்சியை உலாவியில் சேர்த்தால், சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதியைத் தானே காட்டும். ஏடல் டயமண்ட் 2013-ல் எழுதிய 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்ஸ்' கட்டுரை, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அலசுவது, பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியத்தில் முழுதாகவே கிடைக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாளைக் காலை அதிலிருந்துதான் தொடங்குவேன். கல்விப் பக்கக் கட்டுரைகளுக்கு எரிக் தரவுத்தளம். தேடுவது இலவசம், பல அறிக்கைகளை முழுதாகவே இறக்கலாம். எதிலும் அகப்படாததை நூலகங்களுக்கு இடையேயான இரவலில் வரவழைக்கலாம். சில நாள் ஆகும், கடைசி வாரத்தில் கேட்டால் நடக்காது.

அப்புறம், நூலகருக்கு எழுதும்போது "குழந்தைகள் பற்றிக் கட்டுரை வேண்டும்" என்று எழுதாதீர்கள். வயது, தேடிய சொற்கள், எந்தத் தளத்தில் எத்தனை முடிவு வந்தது, அவற்றில் எது பொருந்தவில்லை: இந்த நான்கையும் எழுதுங்கள். சோதனைப் படிவம் வேண்டுமென்றால் மட்டும் நூலகரை விட்டுவிட்டு, கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரிக்கே எழுதிக் கேளுங்கள். பயன்படுத்த அனுமதியையும் அதே மடலில் கேட்டுவிடுங்கள். நெறிமுறைக் குழு அதைப் பின்னால் கேட்கக்கூடும்.