பூட்டிக் கிடக்கும் தொலைக்காட்சி அறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியின் தொலைக்காட்சி அறை பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, விவசாயம், உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகளைப் பெரியவர்களுக்குக் காட்டலாம் என்று மகளிர் குழுவில் சொன்னேன். "டிவி பார்த்து யார் என்ன கற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்கிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் இது எங்காவது பலன் தந்திருக்கிறதா?
— வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: தந்திருக்கிறது. வானொலிக் காலத்துச் சான்று ஒன்று நம் டெல்டாவிலேயே இருக்கிறது. 1960-களின் நடுவில் வந்த ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் விடாமல் எடுத்துச் சொன்னதால், தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். அந்த வெற்றி வானொலியால் மட்டும் வந்ததல்ல. அப்போது தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. காதால் கேட்ட விதையையும் உரத்தையும் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. சந்தேகம் கேட்கக் கிராம சேவக் என்ற அரசு ஊழியர் இருந்தார்.

தொலைக்காட்சியில் இதற்கு முன்னோடி, 1967 ஜனவரி 26 அன்று டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களுக்காகத் தொடங்கிய 'கிருஷி தர்ஷன்'. பெரிய சோதனை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது. நாசாவிடம் ஓராண்டுக்கு இரவல் பெற்ற ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் துணையோடு, இஸ்ரோ ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் போய்ச் சேரும்படி செய்தது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டு செய்த 3 மீட்டர் அகல டிஷ் ஒவ்வோர் ஊரிலும் நின்றது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களில் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அந்த ஓராண்டைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், உடல்நலமும் குடும்ப நலமும் பற்றிய அறிவு பெண்களிடமும் எழுத்தறியாதவர்களிடமும் நன்றாகவே கூடியிருந்ததைக் கண்டார்கள். விவசாய முறைகளில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. இதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் செய்ய வேண்டியது எல்லா ஊருக்கும் ஒன்றே. நாற்று விடும் நாளோ மண்ணுக்கு மண், வாய்க்காலுக்கு வாய்க்கால் மாறும். தலைமடைக்குச் சொன்ன யோசனை கடைமடைக்கு ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு மொழி பேசும் பகுதி முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியைத் தயாரித்தால் அது எந்த வயலுக்கும் முழுதாகப் பொருந்தாது. அதே 1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்னும் கிராமத்தில் நிறுவிய சிறிய ஒளிபரப்பி இந்தக் குறையைத்தான் தீர்க்க முயன்றது: அந்த மாவட்டத்து மக்களின் சிக்கல்களை அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே, அவர்களையே பங்கெடுக்க வைத்துக் காட்டினார்கள். யுனெஸ்கோவின் பரிசும் அதற்குக் கிடைத்தது.

பாபநாசத்துக்கு அருகே நான் வளர்ந்த ஊரில், பஞ்சாயத்துக் கட்டடத்தின் மரப்பெட்டிக்குள் இருந்த தொலைக்காட்சியில் ஒருநாள் விதை நெல் தேர்வு செய்யும் முறையைக் காட்டினார்கள். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, உள்ளே போட்ட முட்டை மேலே எழும்பி நாலணா அகலத்துக்குத் தலைகாட்டியதும் உப்பை நிறுத்தி, நெல்லைக் கொட்டி, மிதப்பதை அரித்து எடுக்க வேண்டும். "உப்பில் ஊறிய விதை முளைக்குமா தம்பி?" என்று ஓர் ஆத்தா கேட்டார். அதற்குள் திரையில் அடுத்த நிகழ்ச்சி வந்துவிட்டது. பின்னால் நின்றிருந்த வேளாண்மை உதவியாளர்தான், "நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசிட்டு முளைகட்டுங்க ஆத்தா, ஒண்ணும் ஆகாது" என்றார். அந்தப் பதில் கிடைக்காமல் வீடு திரும்பியிருந்தால், அவர் அந்த முறையைக் கையால் தொட்டிருக்கவே மாட்டார்.

ஆகவே அறையைத் திறப்பதற்கு முன், உங்கள் பகுதியின் உதவி வேளாண்மை அலுவலரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் மாதத்தில் ஒரு மாலையாவது வந்து உட்கார ஒப்புக்கொள்ள வையுங்கள். நடவு நாட்களில் இரவு எட்டு மணிக்குக் கூட்டினால் பெண்கள் வர மாட்டார்கள். அவர்களுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று முதலில் அவர்களையே கேளுங்கள்.

கேள்வி: ஆளுக்கொரு கைப்பேசியும் அதில் யூடியூபும் இருக்கும்போது, ஊருக்குப் பொதுவாக ஒரு தொலைக்காட்சி எதற்கு?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: ஆளுக்கொன்று என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வீடுகளில் நல்ல கைப்பேசி மகனிடம் இருக்கிறது. வயலில் இறங்கிக் களை பறிக்கும் தாயிடம் பேசுவதற்கு மட்டுமான சிறிய பேசி இருக்கிறது. யூடியூபில் தேட வேண்டுமென்றால், எதைத் தேடுவது என்பது முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும். மருந்து விற்பவரே மருந்தைப் பரிந்துரைக்கும் காணொளிகளும் அங்கே கலந்து கிடக்கின்றன. எது விளம்பரம், எது ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை என்று தனியாகப் பார்ப்பவர் பிரித்தறிவது கடினம். பத்துப் பேர் கூடிப் பார்த்தால், "போன சம்பாவுக்கு இதைத்தான் அடித்தேன், புகையான் பூச்சி போகவில்லை" என்று சொல்ல அவர்களில் ஒருவராவது இருப்பார். நல்ல காணொளிகளைக் கைப்பேசியிலிருந்தே அந்தப் பெரிய திரைக்கு மாற்றிக் காட்டுங்கள். அதற்கு வேண்டிய கம்பி பெரிய செலவு வைக்காது, இணைக்கும் விதம் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.