ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் குடியேறினால் அங்கே வரலாறு, சமூக வாழ்க்கை என்று ஏதாவது இருக்குமா?

கேள்விக்குக் கீழே, "491 விசாவில் குவீன்ஸ்லாந்து உள்நாட்டில்தான் வேலை அமையும் போலிருக்கிறது, நூறு வருஷ ஊருக்கு என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது, மாடும் சுரங்கமும்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். (491 என்பது பிராந்தியப் பகுதியில் தங்கி வேலை பார்க்கத் தரும் தற்காலிக விசா.) வேலை கிட்டத்தட்ட உறுதி, வீட்டில் ஒருவர் "அந்தக் காட்டுக்கா?" என்று முகம் சுளிக்கிறார், அவரைச் சமாளிக்க நாலு வரி வேண்டும். உங்கள் நிலைமை இதுதான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த "மாடும் சுரங்கமும்தானே" மட்டும் கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நான் இருப்பது அப்படிப்பட்ட ஊரில்தான்.

ஊர் பெயர் பிலோவீலா. உள்ளூரில் பிலோ. கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து மேற்கே 120 கிலோமீட்டர் போல. மக்கள்தொகை ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் அருப்புக்கோட்டைப் பக்கம், இங்கே பார்மசிஸ்ட். மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவளுக்கு ஊரின் ரத்த அழுத்தத்தோடு ஊர்க்கதையும் சேர்ந்தே வரும்.

சரி, மாட்டிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வட்டாரத்தின் பெயர் பனானா ஷயர். வாழைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பனானா என்பது மஞ்சள் நிறத்தில் இருந்த ஓர் எருதின் பெயர். முரட்டு மாடுகளைப் பட்டிக்கு ஓட்டிவர அந்தக் கால மேய்ப்பர்கள் அதைத்தான் முன்னால் விடுவார்களாம். கடைசியில் ஒரு வட்டாரமே அதன் பெயரில் நிற்கிறது. நம் ஊரில் எந்தத் தலைவர் பெயரை எந்தத் தெருவுக்கு வைப்பது என்று அடித்துக்கொள்வதைப் பார்த்தவளுக்கு இந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருக்கிறது.

நூறு வருஷம் என்பது வெள்ளைக்காரர் கணக்கு. இந்த நிலம் காங்குலு என்ற பூர்வகுடி மக்களுடையது, அவர்கள் கணக்கு பல்லாயிரம் வருஷம். வட்டாரத்தின் தென்கோடியில், டாசன் ஆற்றுப் பக்கம், 1857இல் ஹார்னெட் பேங்க் என்ற பண்ணையில் ஜிமான் என்ற பூர்வகுடி மக்கள் அங்கிருந்த வெள்ளைக்காரர் பதினொரு பேரைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்குகிறோம் என்று கிளம்பியவர்கள் நூற்றுக்கணக்கில் அந்த மக்களைக் கொன்று தீர்த்தார்கள். பண்ணைப் பரம்பரையில் வந்த பெரியவர்கள் இதைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். வரலாறு இல்லாத ஊரில் யாரும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை.

பிலோ ஊராக எழுந்தது 1920களில். அரசாங்கம் பெரிய பண்ணைகளை உடைத்து, சிறு விவசாயிகளுக்குக் கொடுத்துக் குடியேற்றியது. வந்தவர்களுக்கு முதல் எதிரி நம் சப்பாத்திக்கள்ளி! குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் சேர்த்து ஆறு கோடி ஏக்கர் அதன் பிடியில் இருந்தது. வெட்டினார்கள், எரித்தார்கள், ஆர்சனிக் தெளித்தார்கள், அது அசையவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து 1926 முதல் விட்டார்கள். அதன் புழு உள்ளே புகுந்து தின்று, ஏழெட்டு வருஷத்தில் கள்ளிக்காடு சரிந்தது. தெற்கே பூனார்கா என்ற ஊரில் அந்தப் பூச்சிக்கு நினைவு மண்டபமே கட்டியிருக்கிறார்கள். கள்ளி போன நிலத்தில் வந்தது பருத்தி. வெயிலில் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண், அதில் பருத்தி. கரிசல்காட்டில் பிறந்த எனக்கு இந்த ஊர் முதல் நாளே அந்நியமாகப் படாததற்கு மனிதர்களைவிட மண்ணே காரணம்.

சுரங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர் மௌரா, நிலக்கரிச் சுரங்க ஊர். 1975இல் கியாங்கா சுரங்க வெடிப்பில் 13 பேர், 1986இல் மௌரா நான்காம் சுரங்கத்தில் 12 பேர், 1994இல் இரண்டாம் சுரங்கத்தில் 11 பேர். ஒரே சிற்றூரைச் சுற்றி, இருபது வருஷத்துக்குள் 36 உயிர். 1994இல் மீட்கப் போகுமுன்பே இரண்டாவது வெடிப்பு வந்ததால் சுரங்கத்தை அப்படியே மூடிவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரும் இன்னும் உள்ளேதான். மாத்திரை வாங்க வருகிறவர்களில் அந்தக் குடும்பத்து ஆட்களும் இருப்பார்கள். "மாடும் சுரங்கமும்தானே" ஏன் தைத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இனி நீங்கள் கேட்ட சமூக வாழ்க்கை. நான் வந்த புதிதில் கவுன்டருக்கு வந்த பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்டது: "நீ தமிழா? அப்போ பிரியாவைத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. பிரியா, நடேஸ், இரண்டு பெண் குழந்தைகள் என்று இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று இங்கே இருந்தது. பெற்றோர் படகில் தஞ்சம் தேடி வந்தவர்கள், குழந்தைகள் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். நடேஸுக்கு இறைச்சி ஆலையில் வேலை. பிரியா கறி சமைத்து மருத்துவமனை ஊழியர்களுக்குக் கொண்டுபோவாராம். 2018 மார்ச் 5 விடிகாலையில் அதிகாரிகள் வந்து நால்வரையும் மெல்போர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்தது அதற்குப் பிறகு.

அடுத்து நடந்தது செய்திகளில் வந்ததுதான். 2019 ஆகஸ்டில் நாடு கடத்த விமானம் ஏற்றினார்கள், நடுவானில் இருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து, ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வினில் இறங்கியது. அப்புறம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாமில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். 2021இல் சின்னப் பெண்ணுக்கு உடம்பு மோசமாகிப் பெர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். 2022 மே தேர்தலில் ஆட்சி மாறியது, ஜூன் 10 அன்று பிலோவுக்குத் திரும்பினார்கள். நிரந்தர விசா ஆகஸ்டில் வந்தது. அந்த நான்கு வருஷமும் விடாமல் பிடித்து இழுத்தது, வழக்கமாகப் பழமைவாதக் கட்சியையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் தொகுதியில் இருக்கும் இந்த நிலக்கரி ஊர். தொடங்கி வைத்தவர்கள் ஊர்ப் பெண்கள் சிலர். அவர்களைத் திரும்ப விடச் சொன்ன மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து.

உடனே ஒருவர் வந்து "நீ இந்தியத் தமிழ், ஈழத்தமிழர் பட்ட பாட்டை உன் ஊர்ப் பெருமையாக்குகிறாயா" என்று கேட்பார். இல்லை ஐயா. அந்தப் போராட்டத்தில் எனக்குப் பங்கு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, அது அவர்களுடையது. ஊரே ஒரே குரலில் நின்றது என்றும் சொல்லவில்லை. "படகில் வந்தால் வரிசையில் நிற்க வேண்டாமா" என்று என் கவுன்டரிலேயே சொன்னவர்கள் உண்டு. அதில் ஒருவர் "ஆனால் குழந்தைகள் இங்கே பிறந்ததுகள், அது வேற" என்றும் அதே மூச்சில் சொன்னார். இந்த ஊரின் அரசியல் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அப்படிப் பிரியாவைத் தெரியுமா என்று விசாரிக்க வந்த ஒரு பாட்டிதான் என்னை ஊருக்குள் இழுத்துப் போட்டது. வருஷா வருஷம் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் மாடு, குதிரைக்குப் போட்டி இருப்பதுபோல கேக், ஸ்கோன், ஜாம், ஊறுகாய்க்கும் போட்டி உண்டு. "உங்க ஊர் ஊறுகாய் போடேன்" என்றார். போட்டி விதிகள் நம் அரசாணைபோல. கண்ணாடிப் பாட்டிலில் கம்பெனி முத்திரை இருக்கக் கூடாது, மூடி சுத்தமாக இருக்கணும், விளிம்பு வரை நிரப்பணும். மாமியார் கைப்பக்குவத்தில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு, தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். நடுவர் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்: "சுவை துணிச்சல். எண்ணெய் அதிகம். பழம் முழுதாக வேகவில்லை." ஊறுகாயை வேகவைப்பார்களா! பரிசு கிடையாது. முதல் பரிசு வாங்கிய பாட்டிலைப் பார்த்தேன், பச்சைத் தக்காளியில் சர்க்கரையும் வினிகரும் போட்டது. மாமியாரிடம் போனில் சொன்னதற்கு நடுவரின் குலம் கோத்திரம் வரை விசாரித்தார்.

அதோடு விட்டிருந்தால் வந்துபோன ஆளாகவே இருந்திருப்பேன். "அடுத்த வருஷம் உதவிக்கு ஆள் குறையுது, வர்றியா?" என்றார் பாட்டி. போனேன். விடிகாலையில் மேசை விரிப்பது, பாட்டிலுக்கு நம்பர் ஒட்டுவது, நடுவர் சுவைத்த கரண்டியைக் கழுவுவது. சமூக வாழ்க்கை என்றால் இங்கே இதுதான். டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்து பார்ப்பது அல்ல. தீயணைப்பில் தன்னார்வலர், வெள்ளம் வந்தால் தன்னார்வலர், ரக்பி மைதானத்தில் சாசேஜ் சுடுவது யாரோ ஒரு அப்பா. வெள்ளிக்கிழமை பப்பில் ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடக்கும், அந்தப் பணம் ஏதாவது ஒரு கிளப்புக்குப் போகும். வேலை செய்தால் மூன்றே மாதத்தில் உங்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும். செய்யாவிட்டால் பத்து வருஷமானாலும் "அந்தக் கெமிஸ்ட் பொண்ணு"தான். ஆமாம், பெயர் தெரிவதில் தொல்லையும் உண்டு. நான் என்ன கார் வாங்கினேன் என்பது எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்திருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் சொல்லியே ஆகணும். என் தம்பியும் இங்கேதான் டீசல் மெக்கானிக், சம்பளம் என்னைவிட அதிகம். அவனுக்குப் பெண் பார்க்கப் போனால், "கூகுள் மேப்பில் பார்த்தோம், சுத்தி ஒண்ணுமே இல்லையே" என்று மறுத்துவிட்டார்கள். ஒரு வீடு அல்ல, வரிசையாகப் பல வீடு. அதில் ஒரு வீடு இருந்தது, பஸ்ஸே ஒழுங்காக வராத எங்கள் பக்கத்துக் கிராமத்தில். சிட்னியில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு டாக்சி ஓட்டுபவன் என்றால் "சிட்னி மாப்பிள்ளை". என்ன நியாயமோ.

குறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் பெரும்பாலும் ராக்ஹாம்ப்டன் ஓட வேண்டும், போகவே ஒன்றரை மணி நேரம். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மின்நிலையத்தில் பெரிய பராமரிப்பு வேலை வந்தால் வெளியூர் ஆட்கள் குவிந்து வாடகை வீடு கிடைக்காது, அதனால் வீட்டுக்கு இப்போதே கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். 491இல் மூன்று வருஷம் பிராந்தியப் பகுதியில் இருந்து வேலை பார்த்த பிறகுதான் 191 நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும், வரிக் கணக்கை முதல் வருஷத்திலிருந்தே ஒழுங்காக வையுங்கள். வீட்டில் இருவருமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வாருங்கள், ஒருவர் மட்டும் ஓட்டினால் மற்றவருக்கு இது நிஜமாகவே காடுதான். பொழுது சாயும் நேரத்தில் நெடுஞ்சாலையில் வேகம் வேண்டாம், கங்காரு குறுக்கே வரும்.